இரண்டு வீட்டுவேலைகள்

நமது நாட்டில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே எல்லா மாணவிகளும் சமநிலையில் கற்கின்றார்கள் என எண்ணிவிடுகிறோம். வகுப்பறைக்குள் அது ஓரளவு உண்மைதான். வீட்டுவேலை கொடுத்ததும் வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

உம்மா மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்க, மூத்தம்மாவின் பராமரிப்பில் வளரும் தலைப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு வேறு வீட்டுவேலை இருக்கிறது. சமையல், தம்பி தங்கையரைக் குளிப்பாட்டல், அவர்களை ஓதுவதற்கு அனுப்புதல் எல்லாம் அவள் பொறுப்பு. (வாப்பா வீட்டில் இருந்தாலும் அடுப்படிப் பக்கம் வருவது அரிது.) கொப்பியைத் திறக்கும்போது இரவு பத்து மணியாகிவிடும். மறுநாள் வகுப்பில் அவள் தலைகுனிந்து நிற்பது சோம்பலினால் அல்ல. எல்லோர் முன்னிலையிலும் ஏசினால் கணக்கு வரப்போவதில்லை. பாடசாலைக்கு வராமல் நின்றுவிடும் எண்ணமே வரும்.

தனியே அழைத்து, "வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்?" என்று ஆசிரியர் கேட்டாலே பாதி விளங்கிவிடும். பத்துக் கணக்குகளுக்குப் பதிலாக மூன்று போதும். அவற்றையும் பாடசாலையிலேயே ஓய்வான பாடவேளையில் செய்விக்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கு மூத்தம்மா வந்தால் அவரையும் இருத்திப் பேச வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும், மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் அப்பிள்ளையை வேலை ஏவாமல் விட அவரால் முடியும்.