சீகை மரமும் அதன் கெட்டி விதையும்

நீலகிரியில் சோலைக்காடுகளின் ஓரத்திலும் பழைய புல்வெளிகளின் மேலும், இறகு போன்ற இலைகளோடு அடர்ந்து நிற்கும் மரத்தை மலைவாசிகள் சீகை மரம் என்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் வேறு, இது வேறு. இது வாட்டில். தாவரவியல் பெயர் அகேசியா மியர்ன்சி. சொந்த மண் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதி. வாட்டில் இனங்களை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக மலைக்குக் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காக வனத்துறையே புல்வெளிகளில் பெரும் பரப்பில் நட்டது.

அதன் மதிப்பெல்லாம் பட்டையில்தான் இருக்கிறது. காய்ந்த பட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில மரங்களில் அதற்கு மேலும், டேனின் என்னும் துவர்ப்புப் பொருள். அது பச்சைத் தோலின் புரதத்தோடு பிணைந்து, தோல் அழுகாமல் காக்கிறது. நம் ஊர்த் தொட்டிகளில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டைதான் இந்த வேலையைச் செய்தது. ஆவாரை புதர்ச்செடி, தொழில் பெருகியபோது அதன் பட்டை போதவில்லை. அந்த இடத்தை வாட்டில் சாறு பிடித்துக்கொண்டது. பலகைகளை ஒட்டும் பசைக்கும் இந்த டேனின் உதவும். கட்டை கனமானது. நன்றாக எரியும், நல்ல கரி தரும், காகிதக் கூழும் ஆகும்.

வளர்ப்பது எளிது. விதையின் ஓடு கெட்டி. அப்படியே விதைத்தால் மிகச் சில விதைகளே முளைக்கும். கொதிநீரை ஊற்றி, அது ஆறும்வரை ஊறவிட்டால் ஓடு இளகி நீரை உள்ளே விடும். குளிர்ந்த மலைக்காற்றும் நீர் தேங்காத ஆழமான மண்ணும் இருந்தால் போதும். வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் மெலிந்த மண்ணிலும் தழைக்கும். எட்டு முதல் பத்து ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய கையோடு பட்டையை உரித்துவிட வேண்டும். ஈரம் போனால் அது கட்டையோடு இறுகிவிடும்.

வளர்ப்பவருக்குக் கொதிநீர் வேலை வைக்கும் அதே ஓடுதான் மலைக்கு வினையாகிவிட்டது. மண்ணில் விழுந்த விதைகள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கின்றன. காட்டுத்தீ ஓடினால் அந்தச் சூடே கொதிநீரின் வேலையைச் செய்கிறது. சாம்பல் ஆறி மழை விழுந்ததும் கன்றுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. நிழல் கவிந்தால் புல் சாகிறது. தோடர்களின் எருமைகளும் வரையாடுகளும் மேய்ந்த புல்வெளிகள் இப்படித்தான் சுருங்கின. மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடும் புல்வெளி போன இடத்தில், நீரை நிறையக் குடிக்கும் தோப்பு நிற்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இந்த மரமும் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் அனுபவத்தை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கே வாட்டில் தோட்டங்கள் பெரிய தொழில். தோட்டத்தை மீறிப் பரவிய மரம் ஆற்றோரங்களை அடைத்துக்கொண்டது. அரசு 1995இல் நீருக்காக உழைத்தல் என்ற திட்டத்தைத் தொடங்கி, அயல் மரங்களை ஆட்களை வைத்து வெட்டத் தொடங்கியது. இன்னொரு பக்கம், விதையை மட்டும் தின்னும் ஒரு கூன்வண்டை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து விட்டார்கள். மரம் வளரும், பட்டை கிடைக்கும், விதை குறையும். தொழிலையும் ஆற்றையும் சேர்த்து யோசித்த இந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

தமிழ்நாடு அரசும் 2022இல் அயல் தாவரங்களை அகற்றி மலைகளை மீட்கக் கொள்கை வகுத்தது. ஆனால், வெட்டுவது வேலையின் தொடக்கம்தான். விதைகள் மண்ணில் இருக்கும்வரை ஆண்டுதோறும் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும். வெறும் நிலத்தில் அந்த மண்ணுக்குரிய புல்லை உடனே நட வேண்டும். பழைய தோப்புகளுக்குள் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே ஒரே வீச்சில் வெட்டக் கூடாது. கன்றுகள் தலைதூக்கத் தூக்க, மேலே நிற்கும் சீகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.