வரிசையும் வட்டமும்: திருநர் பிள்ளைகளின் உடற்பயிற்சி குறித்துச் சில குறிப்புகள்

விசில் சத்தம். 'பாய்ஸ் இந்தப் பக்கம், கேர்ள்ஸ் அந்தப் பக்கம்.' நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் ஓடிப்போய் ஏதோ ஒரு பக்கம் நின்றவர்கள்தாம். ஓடாமல் நடுவில் நின்ற பிள்ளை அடி வாங்கியிருக்கும். அல்லது அன்றிலிருந்து பி.டி. பீரியட் வரும்போதெல்லாம் அதற்கு வயிற்றுவலி வந்திருக்கும். திருநர் பிள்ளைகளின் உடல்நலம் குறித்த பேச்சை இந்த வயிற்றுவலியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு வருடமாக நானும் இரண்டு நண்பர்களும் ஞாயிறு காலைகளில் ஒரு மொட்டை மாடியில், பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுவரையுள்ள திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளோடு சேர்ந்து உடற்பயிற்சி செய்துவருகிறோம். நண்பர்களில் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். நான் ஒருகாலத்தில் கபடி ஆடியவன், அவ்வளவே. முதல் நாளே ஒரு தப்பு செய்தேன். எடை பார்க்கும் மெஷினும் ஒரு நோட்டும் வாங்கிப்போய், பெயர், வயது, உயரம், எடை என்று பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. வந்த ஒரு பையன் சொன்னான்: "ஆஸ்பத்திரிலயும் இதத்தாண்ணே கேக்குறாங்க. ஸ்கூல்லயும் இதத்தான். இங்கயும் அதேதானா?"

நோட்டைத் தூக்கிப்போட்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

1

1975இல் வெளிவந்த தன் நூலில் ஃபூக்கோ, படைவீரனின் உடல் எப்படி அங்குலம் அங்குலமாகச் செய்யப்பட்டது என்று விவரிக்கிறார். அதே ஒழுங்கு பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் பரவுவதையும் காட்டுகிறார். நமக்கு இது தத்துவம் மட்டுமல்ல. காலனியப் பள்ளிகளில் 'டிரில்' கற்றுக்கொடுத்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபின் விளையாட்டுகள் வந்தன, பயிற்சிமுறை மாறியது. வரிசை மட்டும் போகவில்லை. உயர வரிசை, ஆண் வரிசை, பெண் வரிசை. உடற்பயிற்சி என்பது உடலை வலுவாக்குவதோடு அதை வகைப்படுத்தும் வேலையையும் சேர்த்தே செய்துவந்திருக்கிறது. வகைக்குள் அடங்காத உடலுக்கு மைதானமே தண்டனையாகிவிடுகிறது.

2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பாகுபாடின்றி வாய்ப்பளிக்கவேண்டும் என்றது. எழுத்தில் நல்லதுதான். ஆனால் விசில் ஊதுகிறவர் சட்டப்பிரிவு பார்த்தா ஊதுகிறார்?

2

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயதுவரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் தேவை. வாரத்தில் குறைந்தது 3 நாளாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் பயிற்சி அதில் இருக்கவேண்டும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இதற்குள் திருநர் பிள்ளைகளுக்கென்று சில விஷயங்கள் தனியாக உண்டு. அவற்றை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதலாவது, தண்ணீர். எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று தெரியாததால் பல பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அந்த உடலை வெயிலில் ஓடவிட்டால் மயக்கம் வரும். அடக்கி அடக்கி மூத்திரக் கடுப்பு வரும். பயிற்சித் திட்டத்தின் முதல் உபகரணம் டம்பெல் அல்ல, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை.

இரண்டாவது, மார்புக் கட்டு. திருநம்பிப் பிள்ளைகள் சிலர் க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். மூச்சை இழுக்கும்போது விலா விரியவேண்டும். பேண்டேஜோ மேலும் மேலும் இறுகும், விலா எலும்பு நோகும். அதற்கென்று தைத்த உள்ளாடையைக்கூட 8 மணி நேரத்துக்கு மேல் போடக்கூடாது என்பார்கள். ஓடும்போது அதுவும் வேண்டாம். அளவான ஸ்போர்ட்ஸ் பிராவும் தொளதொளவென்ற டீ சர்ட்டும் போதும். 'கழட்டிட்டு வா' என்று அதட்டினால் பிள்ளை வரவே வராது. காரணத்தைச் சொல்லவேண்டும், முடிவை அதனிடம் விடவேண்டும். மார்பை மறைக்கக் குனிந்தே நடந்து கூன் விழுந்த முதுகுக்கு, சுவரில் சாய்ந்து கையை மேலேற்றுவது, ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுப்பது போன்றவை நன்றாக உதவின.

மூன்றாவது, ஹார்மோன். மருத்துவர் கண்காணிப்பில் டெஸ்டோஸ்டீரோன் எடுக்கும் பிள்ளைக்குத் தசை வேகமாக ஏறும், தசைநாண் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே எடையை மெதுவாகத்தான் கூட்டவேண்டும். டெஸ்டோஸ்டீரோனைக் குறைத்து ஈஸ்ட்ரோஜன் எடுக்கும்போது சில மாதங்களிலேயே ஹீமோகுளோபின் இறங்கும். முன்பு ஓடிய தூரத்துக்கே மூச்சு வாங்கும். அது சோம்பல் அல்ல. பூப்பைத் தள்ளிப்போடும் மருந்து எடுப்பவர்களுக்கு எலும்பின் அடர்த்தி ஏறவேண்டிய அளவு ஏறாது. அவர்களுக்குக் குதிப்பதும் ஸ்கிப்பிங்கும் முக்கியம். நம் ஊரில் யாரையும் கேட்காமல் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்குகிற பிள்ளைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ இரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நான்காவது, எடை. உடம்பு மெலிந்தால்தான் பெண்ணாகத் தெரிவேன் என்று பட்டினி கிடந்த ஒரு பெண் எங்களிடம் வந்தாள். எடை மெஷின் ஏன் ஆபத்தானது என்று அவளைப் பார்த்துத்தான் முழுசாகப் புரிந்தது.

3

ஒரு கேள்வி எழலாம், எழவேண்டும். தோள் அகலவேண்டும் என்று கேட்கும் திருநம்பிக்குத் தோள் பயிற்சியும், தசை ஏறிவிடுமோ என்று பயப்படும் திருநங்கைக்கு நடனமும் கொடுத்தால், அதே ஆண்-பெண் எதிர்வைத்தானே நாமும் மறு உற்பத்தி செய்கிறோம்? இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. ஆனால் எங்கள் மாடியில் சிலம்பம் கேட்டு வாங்கியது ஒரு திருநங்கைப் பிள்ளை. கும்மி அடிப்பதில் முன்னால் நிற்பவன் ஒரு திருநம்பி. கேட்டதைக் கொடுத்தால் நம் கோட்பாட்டைவிட அவர்கள் முன்னால் போகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாகவேண்டும். 2006இல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தியிடமிருந்து பாலினச் சோதனைக்குப் பின் பதக்கம் பறிக்கப்பட்டது. சாந்தி திருநங்கை அல்ல, ஆனாலும் 'உடம்பை நிரூபி' என்ற கட்டளைக்கு ஆளானவர். 2023இல் உலகத் தடகள அமைப்பு, ஆண் பூப்பைக் கடந்துவந்த திருநங்கையரை சர்வதேசப் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கியது. இவை பற்றிய சண்டை நடக்கட்டும். ஆனால் பதக்கத்துக்கான போட்டியும் பதினாறு வயதுப் பிள்ளை உடம்புக்காக ஓடுவதும் ஒன்றல்ல. முதலாவதன் பேரைச் சொல்லி இரண்டாவதையும் மூடுவதுதான் நடக்கிறது.

ஆசிரியர்களாக, அமைப்புகளில் வேலை செய்பவர்களாக இதைப் படிக்கிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. ஆண், பெண் என்று பிரிக்காமல் எண் சொல்லி அணி பிரியுங்கள். எல்லாருக்கும் டிராக் பேண்ட், டீ சர்ட் என்று ஆக்குங்கள். கேட்காமல் தொட்டுத் திருத்தாதீர்கள். பிள்ளை சொல்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நாங்கள் இப்போது வட்டமாக நிற்கிறோம். வட்டத்தில் முதல் ஆள், கடைசி ஆள் கிடையாது. விசிலும் கிடையாது. கழிப்பறைச் சாவி படிக்கட்டு ஓர ஆணியில் தொங்குகிறது, யாரும் யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. போன மாதம், எடை மெஷினைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட அதே பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, இன்னைக்கு வீட்ல கிளம்பும்போதே ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்."

அதை எழுதிவைக்கத்தான் என்னிடம் நோட்டு இல்லை.