சாந்த்ராகாச்சியில் ரயிலேறும் அயல்நாட்டு நோயாளிகள்: வேலூர் பயணம் கடினமாவது ஏன்?

சாந்த்ராகாச்சி (மேற்கு வங்கம்): கொல்கத்தாவை அடுத்த ஹவுரா மாவட்டத்தில் உள்ள சாந்த்ராகாச்சி சந்திப்பு, தமிழகப் பயணிகள் பலருக்கு ரயில் அட்டவணையில் காணும் ஒரு பெயர் மட்டுமே. சென்னைக்கும் தாம்பரத்துக்கும் இங்கிருந்து ரயில்கள் புறப்படுகின்றன. ஷாலிமாரில் கிளம்பும் கோரமண்டல் விரைவு ரயிலும் இங்கு நின்று செல்கிறது. நிலையத்தை ஒட்டிய ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும். எக்ஸ்ரே உறைகளையும் மருத்துவக் கோப்புகளையும் கையில் பிடித்தபடி தெற்கு நோக்கிச் செல்லும் நோயாளிகளோ ஆண்டு முழுவதும் வருகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் எல்லை கடந்து வந்த வங்கதேசத்தவர்.

மருத்துவச் சுற்றுலா என்றவுடன் விமானத்தில் வந்திறங்கி, நட்சத்திர விடுதியில் தங்கும் செல்வந்தரே விளம்பரங்களில் காட்டப்படுகிறார். தரவுகள் காட்டும் சித்திரம் வேறு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் மருத்துவக் காரணங்களுக்காக இந்தியா வந்த வெளிநாட்டவர் சுமார் 6.44 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4.8 லட்சம் பேர், அதாவது நான்கில் மூவர், வங்கதேசத்தைச் சேர்ந்தவர்கள். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பணம் திரட்டி, பேருந்திலும் ரயிலிலும் வரும் நடுத்தரக் குடும்பங்களும் இந்த எண்ணிக்கையில் அடங்கும். திசு ஆய்வு அறிக்கையுடன் வருபவரின் பயணத்தைச் 'சுற்றுலா' என்று அழைப்பது பொருத்தமானதுதானா என்பது வேறு விஷயம்.

வேலூர் ஏன்?

கொல்கத்தாவிலேயே பெரிய தனியார் மருத்துவமனைகள் இருக்கும்போது, சுமார் 1,650 கி.மீ. கடந்து சென்னைக்கும் வேலூருக்கும் செல்வது ஏன் என்ற கேள்வி இயல்பானது. இதற்கான விடை பல தலைமுறைகளாகத் தொடரும் நம்பிக்கையில் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருந்தகம்தான் பின்னாளில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக (சிஎம்சி) வளர்ந்தது. திறந்த இதய அறுவை சிகிச்சை, 1971-இல் சிறுநீரக மாற்று சிகிச்சை என இந்தியாவின் முன்னோடி முயற்சிகள் சில அங்கு வெற்றி பெற்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து நோயாளிகள் தொடர்ந்து வருகின்றனர். எல்லைக்கு இருபுறமும் ஒரே மொழி பேசப்படுவதால், ஒரு குடும்பத்தின் அனுபவம் அடுத்த குடும்பத்துக்குப் பரிந்துரையாகிறது.

இதன் அடையாளத்தை வேலூர் காந்தி சாலையிலும் பாபு ராவ் தெருவிலும் நேரில் காணலாம். விடுதிகள், மருந்துக் கடைகள், உணவகங்களின் பெயர்ப் பலகைகளில் தமிழுடன் வங்காள எழுத்துகளும் இருக்கின்றன. மீன் குழம்பும் சோறும் எளிதில் கிடைக்கின்றன. வாரக்கணக்கில் தங்குவோர் தாமே சமைத்துக்கொள்ள, அடுப்பு வசதியுடன் அறை தரும் விடுதிகளும் உள்ளன.

விசாவும் படுக்கை இருக்கையும்

இந்தப் பயணத்தில் அறுவை அரங்கை எட்டும் முன்பே இரண்டு தடைகளைக் கடக்க வேண்டியுள்ளது. முதலாவது விசா. மருத்துவமனையின் அழைப்புக் கடிதத்தின் அடிப்படையில் நோயாளிக்கு மருத்துவ விசாவும், உடன் வரும் உறவினர்கள் இருவர் வரை துணைவர் விசாவும் வழங்கப்படுகின்றன. சிகிச்சைக்குத் தேவையான காலம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது குறைவோ அதுவரை மருத்துவ விசா செல்லுபடியாகும். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதி உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குத் தயங்கியே சில விடுதிகள் வெளிநாட்டவருக்கு அறை மறுப்பதுண்டு.

உறுப்பு மாற்று சிகிச்சைக்கு விதிகள் இன்னும் கடுமையானவை. மருத்துவ விசா இன்றி அதைச் செய்துகொள்ள இயலாது. நெருங்கிய உறவினராக இல்லாத இந்தியர் எவரும் வெளிநாட்டவருக்கு உறுப்பு தானம் அளிப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. உயிருடன் இருப்பவரிடமிருந்து உறுப்பைப் பெறுவதற்கு அங்கீகாரக் குழுவின் முன் அனுமதி அவசியம். 'ஏற்பாடு செய்து தருகிறோம்' என்று அணுகும் தரகர்களிடம் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த விதியை அறியாதவர்களே.

இரண்டாவது தடை ரயில் டிக்கெட். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்குகிறது; தெற்கு நோக்கிச் செல்லும் ரயில்களில் படுக்கை இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. விசா எந்த நாளில் கைக்கு வரும் என்று தெரியாத ஒருவரால் அவ்வளவு முன்கூட்டிப் பதிவு செய்ய முடிவதில்லை. கொல்கத்தாவின் ஃபேர்லி பிளேஸ் முன்பதிவு மையத்தில் வெளிநாட்டவருக்கெனத் தனிப் பிரிவு இருந்தாலும், பலர் தத்கலையோ முகவரையோ நம்ப வேண்டியதாகிறது. அதுவும் கைகூடாதவர்களுக்கு முன்பதிவில்லாப் பெட்டிதான் மிச்சம். ஒரு நாளுக்கும் மேல் நீளும் பயணத்தை, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் அந்தப் பெட்டியில் எப்படிக் கழிப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2023-ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பாஹாநாகா பஜாரில் கோரமண்டல் ரயில் சரக்கு ரயில் மீது மோதித் தடம்புரண்டது. அதன் பெட்டிகள் பெங்களூரு–ஹவுரா ரயிலையும் தாக்கின. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒன்று சென்னை செல்லும் ரயில். மற்றொன்று காட்பாடி வழித்தடத்தில் இயங்குவது. சிகிச்சைக்காகச் செல்வோரும் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரும் வழக்கமாக நாடுவது இவ்விரண்டையும்தான்.

2024-க்குப் பிறகு

வங்கதேசத்தில் 2024 ஜூலையில் மாணவர் போராட்டம் தீவிரமடைந்தபோது, கொல்கத்தா–டாக்கா மைத்ரீ, கொல்கத்தா–குல்னா பந்தன் உள்ளிட்ட எல்லை கடந்த ரயில்கள் நிறுத்தப்பட்டன. ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா ஆட்சியை இழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். இந்திய விசா மையங்கள் தற்காலிகமாக மூடப்பட்டு, பின்னர் மருத்துவம் உள்ளிட்ட அவசரத் தேவைகளுக்கு மட்டும் குறைந்த அளவில் இயங்கின. வங்கதேச நோயாளிகளுக்கு இ-மருத்துவ விசா வழங்கப்படும் என்று பிரதமர் நரேந்திர மோடி அதே ஆண்டு ஜூனில் அறிவித்திருந்தார். அதற்கு இரண்டு மாதங்களுக்குள் நிலைமை தலைகீழானது.

கொல்கத்தா முகுந்தபூர் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள விடுதிகள் முதல் வேலூர் காந்தி சாலை வரை இதன் தாக்கம் உணரப்பட்டது. வசதி உள்ளவர்கள் தாய்லாந்து, மலேசியா பக்கம் திரும்பினர். 2025 மார்ச்சில் வங்கதேச நோயாளிகளின் முதல் குழு சீனாவின் குன்மிங் நகருக்குச் சென்றது. ஆயுர்வேதம், சித்தம் போன்ற சிகிச்சைகளுக்காக இந்தியா 2023-இல் அறிமுகப்படுத்திய ஆயுஷ் விசாவும் வெளிநாட்டவரை ஈர்க்கும் முயற்சியே. ஆனால் புத்துணர்ச்சிக்காக வருபவர் பயணத்தை ஒத்திவைக்கலாம். கீமோதெரபியின் நான்காவது சுற்றுக்குக் காத்திருப்பவரால் அது இயலாது.

வர முடிந்தவர்கள் புறப்படும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்வது நல்லது. சிஎம்சியின் சில துறைகள் 2022-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகின்றன. காட்பாடியில் இறங்கி வேலூரில் அறை எடுத்த பிறகே, தாங்கள் பார்க்க வேண்டிய மருத்துவர் அங்கில்லை என்று அறிவோர் உண்டு. சிகிச்சை முடிந்து ஊர் திரும்புவோரிடம் மூன்று மாதத்தில் மறுபரிசோதனைக்கு வருமாறு கூறப்படுவதும் வழக்கம். விசா முடிந்துவிட்டால் அதற்கும் புதிய விண்ணப்பம், புதிய டிக்கெட், மீண்டும் சாந்த்ராகாச்சி நடைமேடை.