நின்றால்தான் சூடு

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.717 கிலோமீட்டர் பந்தயத் தடம். முழு வேகத்தில் பறக்கும் காருக்கு ரேடியேட்டர் ஃபேன் ஏறக்குறைய தேவையே இல்லை; எதிர்க்காற்றே கூலன்ட்டை ஆற்றிவிடும். வண்டி பிட்டுக்குள் வந்து நிற்கும்போதுதான் சோதனை. காற்று நின்றுவிடும், எஞ்சினில் தேங்கிய சூடு உடனே போகாது. அதனால்தான் பந்தயம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, எஞ்சினை ஆறவிட்டு உள்ளே வருகிறார்கள்.

சித்திரை வெயிலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நெரிசலில் நிற்கும் உங்கள் காருக்கும் இதே நிலைதான். பல கார்களில் கூலன்ட் 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் ஃபேன் சுழலத் தொடங்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, ரேடியேட்டர் மூடியும் அழுத்தம் விடாமல் இருந்தால், 120 டிகிரியிலும் கொதிக்காது. எனவே கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்காதீர்கள்.

வெப்பநிலை முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள். கொஞ்சம் சூட்டை அது வெளியேற்றும். அப்போதும் இறங்கவில்லையா? ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.