சிரட்டை அகப்பை

சிரட்டை அகப்பை என்பது தேங்காய் ஓட்டில் மூங்கில் காம்பு செருகிச் செய்யப்படும் கரண்டி ஆகும். துருவிய பின் தூக்கி எறியப்படும் ஓடே இதன் மூலப்பொருள். எவர்சில்வர் கரண்டிகள் பரவுவதற்கு முன் தமிழர் சமையலறையில் குழம்பு, கஞ்சி, சோறு ஆகியவற்றைக் கிளறவும் அள்ளவும் இதுவே பெரிதும் பயன்பட்டது. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்னும் பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது.

பெயர்கள்

தேங்காய் ஓட்டைச் சிரட்டை, கொட்டாங்குச்சி, கொட்டாங்கச்சி எனப் பலவாறு அழைப்பர். சிரட்டை என்ற சொல் தென்மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழரிடமும் மிகுதியாக வழங்குகிறது. மதுரைப் பகுதியில் சிரட்டை, கொட்டாங்குச்சி ஆகிய இரண்டையும் கேட்கலாம்.

கிடைக்கும் இடம்

மதுரைக்கு வடமேற்கே வைகைக் கரையில் உள்ள சோழவந்தான் வெற்றிலைக்கும் தென்னைக்கும் பெயர்பெற்றது. 1895-இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் வைகைப் பாசனத்தோடு சேர்ந்ததால் வாடிப்பட்டி, மேலூர் பகுதிகளும் வளம் பெற்றன. வீட்டுச் சமையல், உணவகச் சட்னி, கோயில் அர்ச்சனை என நாள்தோறும் உடைபடும் தேங்காய்களால் நகரில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை.

ஓட்டின் இயல்பு

உரிக்காத முழுக் காயின் எடையில் ஓடு ஏறக்குறைய 12 விழுக்காடு இருக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் இதில் மிகுதியாக உள்ளதால் ஓடு கெட்டியாக இருக்கிறது, எளிதில் மக்குவதில்லை. வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால் கொதிக்கும் குழம்பில் இட்டாலும் காம்பு கையைச் சுடாது. ஈயம் பூசாத பித்தளைக் கரண்டியைப் புளி அரிக்கும், சிரட்டையை அரிப்பதில்லை. மண்சட்டி, கல்சட்டி, நான்-ஸ்டிக் பாத்திரம் ஆகியவற்றை உலோகக் கரண்டியைப் போல் இது கீறுவதுமில்லை.

செய்முறை

1. கண் இல்லாத மூடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண் உள்ள மூடியில் மூன்று கண்களுள் ஒன்று மென்மையானது. அதன் வழியே ஒழுகும்.

2. பருப்பு ஒட்டியிருந்தால் சில நாள் வெயிலில் வைக்கலாம். பருப்பு சுருங்கித் தானாகவே ஓட்டை விட்டுக் கழன்றுவிடும்.

3. வெளிப்புற நாரைக் கத்தியால் சுரண்டி, உள்ளும் புறமும் உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது.

4. விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே எதிரெதிராக இரண்டு துளைகள் இட வேண்டும். கைப்பக்கத் துளை சற்று உயரமாக இருந்தால் காம்பு மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும். மாணவர்கள் இதைப் பெரியவர் உதவியுடன் செய்ய வேண்டும்.

5. நுனி சிறுத்த மூங்கில் காம்பை இரு துளைகள் வழியாகவும் இறுகச் செருக வேண்டும். பின்னாளில் தளர்ந்தால் காம்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தட்டினால் போதும். பசையோ வார்னிஷோ உணவுக் கரண்டிக்கு ஆகாது.

6. இறுதியில் தேங்காய் எண்ணெய் பூசி ஒரு நாள் காயவிட வேண்டும்.

கண் உள்ள மூடியும் வீணாக வேண்டியதில்லை. மென்மையான கண்ணைக் குத்தித் திறந்தால் போத்தலில் எண்ணெய் ஊற்றும் புனல் கிடைக்கும். கேரளத்தில் சிரட்டைக்குள் மாவு இட்டுப் புட்டு அவிப்பர். கன்னியாகுமரி மாவட்ட ரப்பர் தோட்டங்களில் பால் வடிக்கவும் சிரட்டை பயன்பட்டது.

பராமரிப்பு

பயன்படுத்தியவுடன் கழுவிக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டால் காம்பில் பூஞ்சை பிடிக்கும். அடுப்புத் தீயில் படும்படி வைக்கக் கூடாது. வெடிப்பு விழுந்த அகப்பையில் உணவுத் துகள் தங்கும் என்பதால் அதைச் சமையலிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

வீசினால் வரும் கேடு

கொல்லையில் வீசிய சிரட்டை மக்கப் பல காலம் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் அதில் நீர் தேங்கும். டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய சிறிய, தெளிந்த நீர்த்தேக்கத்தையே நாடி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாள்களே போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிருடன் ஒட்டியிருந்து அடுத்த மழையில் பொரியும். ஆகவே சிரட்டையிலிருந்து நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அதை வெட்டவெளியில் கிடக்கவிடாமல் அகற்றவும் வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. எனினும் எறியும் பழக்கம் பிளாஸ்டிக்கோடு நின்றுவிடுவதில்லை. இயற்கைப் பொருளாயினும் கண்ட இடத்தில் போட்டால் அதுவும் நோய்க்கு இடமாகும் என்பதற்குச் சிரட்டையே சான்று.

இறுதிப் பயன்

தேய்ந்த அகப்பை நல்ல விறகு. சிரட்டைக் கரி இஸ்திரிப் பெட்டிக்கு உதவுகிறது. நீர் வடிகட்டிகளில் உள்ள செயலூட்டப்பட்ட கரியும் பெரும்பாலும் தேங்காய் ஓட்டிலிருந்தே செய்யப்படுகிறது. ஆகவே வீட்டில் தேவைக்குமேல் சேரும் சிரட்டைகளை மழை படாத இடத்தில் கவிழ்த்து அடுக்கி, எரிபொருளாகப் பயன்படுத்தலாம். கரி செய்வோருக்கும் கொடுக்கலாம்.