டைல் தரையில் இரும்புப் பெட்டகம்: துளையிடுமுன் அறிய வேண்டியவை

தாலிக்கொடி, பிள்ளைகளின் காப்பு, ஊரிலுள்ள காணியின் உறுதி, கடவுச்சீட்டு, குடியுரிமைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே இடத்தில் பாதுகாக்க விரும்பும் குடும்பங்கள் பல. வங்கிக் கிளைகள் பலவற்றில் பாதுகாப்புப் பெட்டக வசதி இப்போது கிடைப்பதில்லை. ஆகவே வீட்டுக்கென இரும்புப் பெட்டகம் வாங்குவோர் உள்ளனர். ஆனால் தரையோடு பிணைக்கப்படாத பெட்டகம், வீட்டின் விலைமதிப்புள்ள பொருள்கள் அனைத்தையும் ஒன்றாகத் திரட்டித் திருடன் கையில் கொடுப்பதற்கு ஒப்பானது. அவன் அதனை அங்கேயே திறக்க வேண்டியதில்லை; தூக்கிச் சென்று வேறிடத்தில் ஆறுதலாக உடைக்கலாம்.

பாரம் மட்டும் காவல் ஆகாது

பெட்டகம் பாரமானது என்பதால் அசைக்க முடியாது என எண்ணுவது தவறு. வழுவழுப்பான டைல் தரையில் பாரமான பெட்டகமும் எளிதில் நகரும். நியூ சவுத் வேல்ஸின் 1996ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், சாதாரண வகைத் துப்பாக்கிகளை வைக்கும் பெட்டகம் வெறுமையாக 150 கிலோவுக்குக் குறைவாக இருப்பின், எளிதில் அகற்ற முடியாதவாறு அதனைப் பொருத்த வேண்டும் என விதிக்கிறது. நகைப் பெட்டகத்துக்கு இவ்விதி பொருந்தாது. எனினும் எவ்வளவு பாரத்தை நம்பலாம் என்பதற்கு இது நல்ல அளவுகோல். வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் பெட்டகங்கள் பல இவ்வளவு பாரமானவை அல்ல.

தரை யாருக்கு உரியது?

சொந்தத் தனிவீட்டில் முடிவு உரிமையாளருடையது. வாடகை வீட்டில், 2010ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, இத்தகைய பொருத்துதலுக்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. சிறிய மாற்றமாயின் அவர் நியாயமான காரணமின்றி மறுக்க இயலாது. பெட்டகத்தை அகற்றும்போது ஏற்படும் சேதத்தைச் சீர்செய்வது அல்லது அதற்கு ஈடுசெய்வது வாடகைக்கு இருப்பவரின் பொறுப்பு.

அடுக்குமாடி வீட்டில், வீடு சொந்தமாயினும் கொங்கிரீட் தளம் பொதுவாக ஸ்ட்ராட்டாவின் பொதுச்சொத்தாகும். ஆகவே முன்கூட்டியே எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அன்று. சில கட்டடங்களின் தளத்துக்குள் பெரும் விசையுடன் இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் உள்ளன. துளை கருவி அவற்றைத் தாக்கினால் தளம் பலவீனமடையும், உயிராபத்தும் நேரலாம். இத்தகைய தளத்தைக் கருவி கொண்டு ஆராய்ந்த பின்னரே துளையிட வேண்டும்.

டைலுக்கு அடியில் என்ன உள்ளது?

1990க்கு முன் கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வீடுகளில், டைலுக்கு அடியிலுள்ள சிமெந்துத் தகட்டிலோ பழைய வைனில் விரிப்பிலோ அஸ்பெஸ்டோஸ் இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து இதனை உறுதிசெய்ய முடியாது; ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும். முடிவு தெரியும்வரை துளையிடலாகாது.

புதிய வீடுகள் பலவற்றில் பொலிஸ்டைரின் கட்டிகளின் மேல் கொங்கிரீட் ஊற்றப்பட்டுள்ளது. கட்டிகளுக்கு மேலுள்ள கொங்கிரீட் ஏறத்தாழ 85 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டது. அளவுக்கு மீறி ஆழமாகத் துளைத்தால் போல்ட்டுக்குப் பிடிப்பு இராது. மரச்சட்டத் தரையாயின், டைலையோ பலகையையோ மட்டும் நம்பாது, அடியிலுள்ள மரச்சட்டத்தில் பிணைக்க வேண்டும்.

தரைக்கடியில் வெப்பமூட்டும் கம்பியோ தண்ணீர்க் குழாயோ செல்லும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். குளியலறை, சலவை அறை ஆகியவற்றின் தரையில் துளையிட்டால் நீர்த்தடுப்புப் படலம் சேதமடையும்.

பொருத்தும் முறை

அறையின் மூலை சிறந்த இடம். இரு பக்கமும் சுவர் இருப்பின், கடப்பாரையால் நெம்புவது கடினம். டைலை மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி எழுந்தால் அதன் அடியில் இடைவெளி உண்டு, துளையிடும்போது வெடிக்கலாம். பெட்டகத்தை உருட்டும் வழியெங்கும் ஒட்டுப்பலகை விரிப்பது டைலைக் காக்கும்.

தயாரிப்பாளர் பெட்டகத்தின் அடியில் இட்ட துளைகளையே பயன்படுத்த வேண்டும். புதிய துளை தீத்தடுப்புத் திறனைக் குறைக்கக்கூடும். முதலில் டைலுக்குரிய அலகைக் கொண்டு, சுத்தியல் இயக்கம் இன்றி, மெதுவாக டைலைத் துளைக்க வேண்டும். கொங்கிரீட்டை அடைந்த பின்னரே சுத்தியல் இயக்கம் தேவை.

டைனபோல்ட் என அழைக்கப்படும் போல்ட், இறுக்கும்போது விரிந்து பிடிக்கும். அது டைலின் தடிப்புக்குள் விரிந்தால் டைல் பிளந்துவிடும். ஆகவே டைலிலுள்ள துளை சற்று அகலமாகவும், போல்ட் விரியும் பகுதி முழுவதும் கொங்கிரீட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். மெல்லிய தளத்துக்கு, வேதிப்பசை கொண்டு ஊன்றும் திருகுத்தண்டு பொருத்தமாகலாம். துளையின் தூசியை முழுவதும் அகற்றிய பின், பொதியில் குறித்த ஆழத்துக்கும் இறுக்கத்துக்கும் ஏற்பப் பொருத்த வேண்டும்.

கொங்கிரீட்டிலிருந்தும் டைலிலிருந்தும் எழும் சிலிக்கா தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. பி2 வகை முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, தூசி உறிஞ்சியைப் பயன்படுத்த வேண்டும். இவற்றில் அனுபவம் இல்லாதோர் பெட்டகம் பொருத்தும் தொழிலாளரை அமர்த்துவதே நன்று.

பொருத்திய பின்

பெட்டகத்துடன் வந்த இரகசிய எண்ணை மாற்ற வேண்டும். நகைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், மதிப்பீட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைப் பெட்டகத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். காப்புறுதி நிறுவனம் நகைகளுக்கு எவ்வளவு தொகை வரை ஈடுசெய்யும் என்பதையும் கேட்டறிவது அவசியம். பெட்டகம் இருக்கும் செய்தி குடும்பத்தைத் தாண்டிச் செல்லாதிருத்தல் நலம்.

உதவி பெற

திருட்டு நடந்துகொண்டிருந்தால்: 000
திருட்டு நடந்து முடிந்திருந்தால், காவல்துறை உதவித் தொடர்பு: 131 444
வாடகை, ஸ்ட்ராட்டா தொடர்பான ஆலோசனைக்கு, நியூ சவுத் வேல்ஸ் நியாய வர்த்தகத் துறை: 13 32 20
தமிழில் உரையாட, தேசிய மொழிபெயர்ப்புச் சேவை: 131 450