மஞ்சள் கரிசலாங்கண்ணி: அடையாளம் அறிந்து நடுங்கள்

கரிசலாங்கண்ணி என்றதும் வயல் வரப்பில் வெள்ளைப் பூ பூக்கும் செடிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மஞ்சள் பூ பூப்பதும் ஒன்று உண்டு. பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். கீரையாகவும், கூந்தல் தைலத்திற்கும், மருந்துச் சரக்காகவும் பயன்படுகிறது. இதைப் பயிரிட விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது, கைக்கு வந்திருப்பது உண்மையான செடிதானா என்பதையே.

அழகுக்காக வளர்க்கப்படும் ஒரு படர்கொடியும் இதே போன்ற மஞ்சள் பூவைப் பூக்கிறது. சாலையோரங்களிலும், பூங்காக்களிலும், வீட்டுச் சுவர் ஓரங்களிலும் அடர்ந்து கிடப்பது பெரும்பாலும் அதுதான். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த இக்கொடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. பெயர் மாறி இதை நட்டுவிட்டால் மருந்துச் சரக்காக விலை போகாது. அதோடு, தோட்டத்தை விட்டு இதை ஒழிப்பதும் கடினம். விட்டுப்போன ஒரு கணுகூட மறுபடி வேர்விட்டுப் படரும்.

அடையாளம் காண்பது எப்படி?

இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால் பூவை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இலையைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது; தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஓரத்தில் பல் இராது, அல்லது ஒன்றிரண்டு சிறு பற்கள் மட்டும் தெரியும். அழகுக் கொடியின் இலை தடித்து, பளபளப்பாக, நுனிப்பக்கம் மூன்றாகப் பிரிந்து, பற்களுடன் காணப்படும். அதன் பூவும் சற்றுப் பெரியது. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். இளம் இலைகளில் மூன்று பிரிவு சரியாகத் தெரியாமலும் இருக்கலாம். எனவே நன்கு முற்றிய பல இலைகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வெட்டுக்காயப் பூண்டையும் சிலர் இதுவென எண்ணுகிறார்கள். அதன் பூவில் நடு மட்டுமே மஞ்சள். சுற்றிலும் உள்ள சில இதழ்கள் வெளிர் நிறம். விதைகள் பஞ்சு போல் காற்றில் பறக்கும்.

நடவு

வெள்ளைக் கரிசலாங்கண்ணி விதையால் பெருகும். மஞ்சளுக்குத் தண்டுத் துண்டுகளே போதும். மூன்று, நான்கு கணுக்கள் உள்ளதாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணில் புதையுமாறு நட வேண்டும். பாத்திக்கு மக்கிய தொழு உரம் இடவும். ஒரு சாண் இடைவெளி விட்டால் படர இடம் கிடைக்கும்.

ஈரமான இடம் இதற்கு மிகவும் ஏற்றது. வாய்க்கால் ஓரம், கிணற்றடி, தென்னந்தோப்பின் நிழல் ஆகியவற்றில் செழித்து வளரும். மழைக் காலத் தொடக்கத்தில் நட்டால் தண்ணீர்ச் செலவு குறைவு. வேர் பிடிக்கும் வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தழை பாத்தியை மூடும் வரை கையால் களை எடுத்தால் போதுமானது. உணவாகும் கீரை என்பதால் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

அறுவடை

தழை பாத்தியை மூடியதும் அடியில் சில கணுக்களை விட்டு அறுக்கலாம். மீண்டும் துளிர்க்கும். மருந்துக்கு விற்பவர்கள் மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். சாக்கடை நீர் பாயும் இடத்தில் வளர்ந்ததைப் பறிக்கக் கூடாது.

இச்செடிக்கு விஞ்ஞான வரலாறும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் இதிலிருந்து பிரித்தெடுத்த வெடெலோலாக்டோன் என்ற பொருளைப் பற்றி 1956-ல் வெளியிட்டனர். செடியின் அன்றைய தாவரப் பெயரான வெடெலியாவையொட்டி அமைந்த பெயர் அது. காமாலைக்கு இக்கீரையைத் தரும் வழக்கம் நெடுநாளையது. ஆயினும் காமாலை கண்டவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் கீரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

நடவுத் தண்டு வாங்குவோர் வெறும் தண்டாக வாங்காமல், முற்றிய இலைகளோடு கேட்டு வாங்குவது நலம். இலை மூன்றாகப் பிரிந்திருந்தால் அதை வயலுக்குள் கொண்டுவர வேண்டாம்.